வெளிநாட்டுப் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போகும் மாநில அரசு ஊழியருக்கு: எந்தக் காகிதம் முதலில், எது பிறகு

ராணுவ அதிகாரிகளும் குடிமைப் பணியினரும் ஒரே வகுப்பில் அமர்ந்து படிக்கும் பன்னாட்டுப் பாதுகாப்புப் பயிற்சிக்குக் கேரள அரசு ஊழியர் ஒருவர் தேர்வாவது அரிது. அதிலும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழியில் பள்ளிப்படிப்பை முடித்து, கோயம்புத்தூரில் பட்டம் வாங்கி, பாலக்காட்டில் வருவாய்த்துறை வேலையில் சேர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு வழிகாட்ட அலுவலகத்தில் முன்னால் போனவர் எவரும் இருக்கமாட்டார். மாவட்டப் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் பணியாற்றியபோது நெருக்கடி மேலாண்மை குறித்த ஐந்து வாரப் பயிற்சி ஒன்றுக்கு எனக்கு அழைப்பு வந்தது. முதல் முறை போக முடியவில்லை. கடைசி அனுமதி என் கைக்கு வந்த நாளில் அங்கே வகுப்பு தொடங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. அடுத்த ஆண்டு போய்வந்தேன். இரண்டு முறையும் காகிதங்கள் அதே காகிதங்கள்தான்; மாறியது அவற்றை நகர்த்திய வரிசை மட்டுமே. அந்த வரிசையை எழுதிவைக்கிறேன்.

தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். தலைமைச் செயலகம் திருவனந்தபுரத்துக்குப் பதில் சென்னையில் இருக்கும் என்பதைத் தவிர, தில்லியில் தட்ட வேண்டிய கதவுகள் இருவருக்கும் ஒன்றே.

1. எந்த நிறுவனத்துக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம், எதற்கு முடியாது

முதல் மாதத்தை நான் வீணாக்கியது இங்கேதான். இத்தகைய நிறுவனங்களில் பெரும்பாலானவை தனிநபரிடமிருந்து விண்ணப்பம் வாங்குவதில்லை. ஹொனலுலுவில் 1995இல் தொடங்கப்பட்ட டேனியல் கே. இனோயே ஆசிய பசிபிக் பாதுகாப்பு ஆய்வு மையம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்தது. அங்கே போவோர் தத்தம் அரசின் பரிந்துரையுடன், அந்நாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தின் வழியாகவே போகிறார்கள். ஜெர்மனியின் கார்மிஷ் பார்டென்கிர்ஹனில் அமெரிக்காவும் ஜெர்மனியும் சேர்ந்து நடத்தும் ஜார்ஜ் மார்ஷல் மையத்திலும் நடைமுறை ஏறத்தாழ இதேதான். ஜெனீவாவில் உள்ள பாதுகாப்புக் கொள்கை மையம் மட்டும் பல பயிற்சிகளுக்கு நேரடி விண்ணப்பத்தை ஏற்கிறது. ஆனால் அங்கே கட்டணம் உண்டு. உதவித்தொகை எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

உள்நாட்டிலேயே இருக்கும் வாய்ப்புகளை நம்மவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் பணிகள் அதிகாரிகள் கல்லூரியில் முப்படையினருடன் நட்பு நாடுகளின் அதிகாரிகளும், சிறு எண்ணிக்கையில் குடிமைப் பணியினரும் படிக்கிறார்கள். தில்லியில் உள்ள தேசியப் பாதுகாப்புக் கல்லூரியின் 47 வாரப் படிப்பு பிரிகேடியர் நிலை அதிகாரிகளுக்கும் அதற்கு இணையான குடிமைப் பணியினருக்கும் உரியது. ஆகவே நம் நிலையில் இருப்பவர்களுக்கு எட்டாது. முசூரியின் லால் பகதூர் சாஸ்திரி அகாதெமி நடத்தும் ராணுவ, குடிமை அதிகாரிகளுக்கான கூட்டுப் பயிற்சி குறுகிய காலத்தது. இவை எதற்கும் விசா வேண்டாம், வெளிநாட்டுப் பயணத்துக்கான தில்லி அனுமதிகள் வேண்டாம்; துறைப் பரிந்துரை வேண்டும். அரசுப் பணியில் இல்லாத மாணவர் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு மற்றும் உத்திசார் ஆய்வுத் துறையில் முதுகலைக்குச் சேர்வதே நேர்வழி. இந்தக் கட்டுரையின் மற்ற பகுதிகள் அவருக்குத் தேவைப்படாது.

பொறி ஒன்று: கட்டணம் கட்டினால் இடம் வாங்கித்தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்கள். அரசுப் பரிந்துரையால் மட்டுமே நிரப்பப்படும் இடத்தை எவராலும் விற்க முடியாது.

2. பெயரைச் சரிசெய்தல்: அழைப்பு வரும் முன்பே

மலையாளம் பேசும் அலுவலகத்தில் தமிழ்ப் பெயரோடு இருப்பவர்களுக்கு இதுவே மிகப் பெரிய இடர்ப்பாடு. ஆகவே இதில் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது.

என் பெயர் கந்தசாமி, தகப்பனார் பெயர் சின்னச்சாமி. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் 'கந்தசாமி எஸ்' என்று முன்னெழுத்து பின்னால் நிற்கிறது. பட்டச் சான்றிதழில் அது முன்னால் வந்து 'எஸ். கந்தசாமி' ஆனது. பணிப்பதிவேட்டில் மலையாள எழுத்தர் ஒருவர் தம் வழக்கப்படி 'கந்தஸ்வாமி' என்று எழுதிவிட்டார். ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவிலுள்ள 'த'வுக்கு ஒரு சான்றிதழில் 'டி' மட்டும், இன்னொன்றில் 'டி.எச்.'. பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயரை விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டிருந்தார்கள். ஊரில் எவருக்கும் இதில் குழப்பம் இல்லை. தில்லியில் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு இவர்கள் நான்கு பேர்.

செய்ய வேண்டியது இதுதான். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை அதற்கு ஒத்துவர வேண்டும். அதற்குக் கேரளத்தில் வில்லேஜ் ஆபீசர் வழங்கும் 'இருபெயரும் ஒருவரே' என்னும் சான்றிதழ் வேண்டும்; அரசின் இணையச் சேவைகளுக்கான அக்ஷயா மையத்தில் 'ஒன் அண்ட் த சேம்' என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். இ-டிஸ்ட்ரிக்ட் தளம் வழியாக அதற்கு விண்ணப்பித்து, எல்லா வடிவங்களையும் ஒரே சான்றிதழில் கேட்டு வாங்குங்கள். நான் முதலில் இரண்டு வடிவங்களை மட்டும் குறிப்பிட்டு வாங்கி, பிறகு மூன்றாவதற்கு மறுபடி போய் நின்றேன். நில வரி ரசீதும் ரேஷன் கார்டும் உடன் இருந்தால் வில்லேஜ் ஆபீசில் கேள்வி குறையும். பணிப்பதிவேட்டில் திருத்தம் செய்வது மாதக்கணக்கில் ஆகும் வேலை. அதற்குக் காத்திருக்காமல் இந்தச் சான்றிதழின் நகலைக் கோப்பில் சேர்த்துவிட்டு முன்னே நகருங்கள்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பவர்கள் மறு வெளியீட்டுக்கு விண்ணப்பித்து அதை நிரப்பிக்கொள்வது நல்லது. அமெரிக்க விசாவில் அத்தகையோரின் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும், இயற்பெயர்க் கட்டத்தில் 'எஃப்.என்.யு.' என்னும் மூன்று எழுத்துகள் அச்சாகும்; 'இயற்பெயர் தெரியவில்லை' என்பது அதன் பொருள். விமானச் சீட்டில் ஒரு பெயரும் விசாவில் மற்றொரு பெயருமாக நின்றால், விமான நிலையத்தில் அதை விளக்குகிற பாடு நம்முடையது.

பட்டச் சான்றிதழைப் பற்றியும் ஒரு சொல். வெளிநாடு என்றதும் எல்லாச் சான்றிதழுக்கும் அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணம் உண்மையானது என்று பிற நாடுகள் ஏற்கும் சான்றொப்பம், வேண்டும் என்று சொல்வோர் உண்டு. குறுகிய காலப் பாதுகாப்புப் பயிற்சிக்கு அது பெரும்பாலும் கேட்கப்படுவதே இல்லை. கேட்டால் மட்டும் செய்யுங்கள். அப்படிக் கேட்கும்போது, சான்றிதழை வழங்கிய மாநிலத்திலேயே முதல் சான்றொப்பம் பெற வேண்டும் என்பது எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு முக்கியம். கேரளச் சான்றிதழுக்கு, வெளிநாடுவாழ் மலையாளிகளுக்கான கேரள அரசு நிறுவனமான நோர்க்கா ரூட்ஸ் போகலாம். கோயம்புத்தூரில் படித்த பட்டத்துக்குத் தமிழ்நாட்டு அரசிடம்தான் போக வேண்டும். நான் எர்ணாகுளம் வரை போய் ஒரு முழு நாளைக் கழித்துவிட்டுத் திரும்பியபின் இதைத் தெரிந்துகொண்டேன்.

3. விண்ணப்பக் கட்டுரை

ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் ஒன்றிரண்டு பக்கக் கட்டுரை கேட்கும்: உங்கள் பணி என்ன, பயிற்சி எதற்கு, திரும்பி வந்து என்ன செய்வீர்கள். என் முதல் வரைவில் உலக அமைதி, புவிசார் அரசியல் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த ஓய்வுபெற்ற சுபேதார் மேஜர் ஒருவர், எங்கள் தெருக்காரர், "தம்பி, இது பேப்பர்ல வர்ற தலையங்கம் மாதிரி இருக்கு. நீ என்ன செஞ்சேன்னு இதுல எங்க இருக்கு?" என்று கேட்டார். அதன்பின் முழுவதையும் கிழித்துப்போட்டு வேறு எழுதினேன்.

ராணுவமும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து வேலை செய்ததை நேரில் கண்டவர்கள் நம் பகுதியில் அனேகம் பேர். 2022 பிப்ரவரியில் மலம்புழை அருகே சேராடு குறும்பாச்சி மலையின் செங்குத்துப் பாறை இடுக்கில் ஓர் இளைஞர் 40 மணி நேரத்துக்கும் மேலாகச் சிக்கியிருந்தார். கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரால் அவரை நெருங்க முடியவில்லை. மாநில அரசின் வேண்டுகோளின் பேரில் வெலிங்டனிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வந்த ராணுவக் குழுவினர் கயிறு கட்டி இறங்கி அவரை மீட்டனர். வேண்டுகோள் யாரிடமிருந்து யாருக்குப் போனது, மலையடிவாரத்தில் கட்டளை யார் கையில் இருந்தது, உள்ளூர் வழிகாட்டியின் சொல் எப்படி ராணுவத்துக்கு எட்டியது ஆகிய மூன்றையும் எழுதினாலே கட்டுரையின் பாதி முடிந்துவிடும். 2024 ஜூலை 30இல் வயநாட்டில் நிலச்சரிவு ஏற்பட்டபின் சூரல்மலையில் சென்னைப் பொறியாளர் படைப்பிரிவு 190 அடி நீளப் பெய்லி பாலத்தை ஆகஸ்ட் 1ஆம் தேதிக்குள் கட்டி முடித்ததும் இத்தகைய எடுத்துக்காட்டே. ஆனால் அங்கே நீங்கள் இல்லை என்றால் அதைப் பற்றி எழுதாதீர்கள். தேர்வுக் குழு நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே அதைக் கண்டுபிடித்துவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நான் அதில் விழுந்தேன். நீர்ப் பாதுகாப்பு என்ற தலைப்பில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, மணக்கடவு தடுப்பணையில் பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதிக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கிடைக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை விளக்கினேன். அதுவரை சரி. அதன் கீழே, அந்த ஆண்டு தண்ணீர் பிந்தியதற்குக் காரணம் யார் என்று என் கருத்தையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டேன். மாநிலங்களுக்கு இடையில் பேச்சில் இருக்கும் விவகாரத்தில் ஊழியர் ஒருவர் வெளிநாட்டு நிறுவனத்திடம் கருத்துச் சொல்லலாமா என்று கேட்டுக் கோப்பு திரும்பி வந்தது. அந்த ஒரு வரியை நீக்கிவிட்டு மறுபடி அனுப்பியதில் பதினோரு நாள் போயிற்று. நடத்தை விதிகளை ஒரு முறை படித்துவிட்டுக் கட்டுரையை எழுதுங்கள். 'ரகசியமானது' என்று குறியிட்ட எந்தத் திட்ட ஆவணத்திலிருந்தும் ஒரு சொல்லைக்கூட எடுக்காதீர்கள். 1923ஆம் ஆண்டின் அலுவல்சார் ரகசியச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது.

4. துறையின் அனுமதி

அழைப்புக் கடிதம் கையில் வந்த அன்றே இந்தப் படி தொடங்குகிறது. கடிதத்தைக் கூர்ந்து படியுங்கள். பயணச் செலவை யார் ஏற்பது, தங்குமிடமும் உணவும் யாருடையது, நாள்படி உண்டா, மருத்துவக் காப்பீடு உண்டா, தொடங்கும் நாளும் முடியும் நாளும் எவை என்ற ஐந்தும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டிருந்தாலும் உடனே எழுதித் திருத்திய கடிதம் கேளுங்கள். "செலவுகள் ஈடுசெய்யப்படும்" என்று மொத்தமாக எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு நான் மூன்று வாரம் அலைந்தேன்.

மாவட்ட அலுவலகத்திலிருந்து துறைத் தலைமைக்கும், அங்கிருந்து தலைமைச் செயலகத்துக்கும் போகும் கோப்பில் இவை இருக்க வேண்டும்: உங்கள் விண்ணப்பம், அழைப்புக் கடிதம், பாடத்திட்டம், விஜிலன்ஸ் விசாரணையோ ஒழுங்கு நடவடிக்கையோ நிலுவையில் இல்லை என்னும் சான்று, அரசுக்குப் பாக்கி இல்லை என்னும் சான்று, இல்லாத நாட்களில் உங்கள் பொறுப்பை ஏற்பவரின் பெயர், முந்தைய வெளிநாட்டுப் பயண விவரம். எல்லாம் ஆங்கிலத்தில் அல்லது மலையாளத்தில் இருந்தால் வேகமாகப் போகும். மொழிச் சிறுபான்மையினர் என்ற முறையில் தமிழில் விண்ணப்பிக்கும் உரிமை நமக்கு இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் இதே கோப்பு நாளை தில்லிக்குப் போகும் என்பதால், இந்த ஓர் இடத்தில் ஆங்கிலத்தில் எழுதினால் மொழிபெயர்ப்புக்கு ஆகும் நாட்கள் மிச்சம்.

ஆணையில் ஒரு சொற்றொடர் கட்டாயம் வேண்டும்: பயிற்சிக் காலம் பணிக்காலமாகக் கருதப்படும் என்பது. அது இல்லாவிட்டால் கேரள சர்வீஸ் ரூல்ஸின்படி அந்த வாரங்களை விடுப்பில் கழிப்பதா, பணியில் சேர்ப்பதா என்று திரும்பி வந்தபின் சம்பளப் பட்டியல் நிற்கும். இதை வரைவு ஆணை நிலையிலேயே பிரிவு அலுவலரிடம் பணிவாகக் கேட்டுச் சேர்க்கச் சொல்லலாம்.

கோப்பு இ-ஆபீஸ் என்னும் கணினிக் கோப்பு முறையில் இருப்பதால் வீட்டிலிருந்தே அது எந்த மேசையில் இருக்கிறது என்று பார்க்க முடியும். ஆயினும் ஒரு முறையாவது நேரில் போங்கள். பாலக்காடு சந்திப்பில் இரவு அமிர்தா எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலையில் திருவனந்தபுரம். அலுவலகம் திறக்குமுன் குளித்துத் தயாராகிவிடலாம். நான் போனபோது என் கோப்பு, பாடத்திட்டத்தின் இரண்டாம் பக்கம் ஸ்கேன் ஆகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக எட்டு நாளாக ஒரு மேசையில் நின்றிருந்தது. எவரும் எனக்குத் தெரிவிக்கவில்லை. பையில் இருந்த நகலை எடுத்துக் கொடுத்தேன், அன்று மாலையே நகர்ந்தது. எல்லாவற்றிலும் மூன்று நகல் பையில் வைத்திருப்பது வீண்போகாது.

5. தில்லியின் இரண்டு அனுமதிகள்

இவை இரண்டும் வெவ்வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்ததால்தான் என் முதல் ஆண்டு வீணானது.

ஒன்று, வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதி. 'பொலிட்டிக்கல் கிளியரன்ஸ்' என்றே எல்லோரும் சொல்கிறார்கள். இதை நீங்கள் தனியாக விண்ணப்பிக்க முடியாது. அரசுதான் உங்களுக்காக அந்த அமைச்சகத்தின் இணையதளத்தில் பதிய வேண்டும். எனக்கு 19 நாள் ஆயிற்று.

மற்றொன்று, உள்துறை அமைச்சகத்தின் அனுமதி. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, அரசு ஊழியர் ஒருவர் வெளிநாட்டில் இருக்கும்போது அந்நாட்டாரின் விருந்தோம்பலை மத்திய அரசின் முன்அனுமதியின்றி ஏற்கக் கூடாது என்கிறது. இங்கே விருந்தோம்பல் என்றால் கல்யாண விருந்து அன்று. விமானச் சீட்டு, இலவசத் தங்குமிடம், உணவு, உள்ளூர்ப் போக்குவரத்து, மருத்துவம் யாவும் அதில் அடங்கும். படிவம் எஃப்.சி.-2. இணையத்தில் நீங்களே நிரப்பலாம். அழைப்புக் கடிதத்தையும் துறை அனுமதியையும் உடன் ஏற்ற வேண்டும். புறப்படும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பாவது விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த இரண்டு வாரத்தை நம்பி உட்காராதீர்கள். ஒரு விளக்கக் கேள்வி வந்தால் போதும், அது கரைந்துவிடும். நாள்படித் தொகையையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

இரண்டு விலக்குகளைத் தெரிந்துகொள்வது நல்லது. முழுச் செலவையும் நம் அரசே ஏற்றால் விருந்தோம்பல் என்ற பேச்சே இல்லை. அழைப்பவர் ஐக்கிய நாடுகள் சபையாகவோ அதன் சிறப்பு முகமையாகவோ இருந்தால், சட்டத்தின் பார்வையில் அது 'வெளிநாட்டு மூலம்' ஆகாது. என்றாலும் பொலிட்டிக்கல் கிளியரன்ஸ் இரண்டிலும் தேவைப்படலாம். துறையிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. பாஸ்போர்ட்டும் விசாவும்

அரசின் பணியாக அனுப்பப்படுபவருக்கு வெள்ளை அட்டையுள்ள அலுவல் பாஸ்போர்ட் வேண்டியிருக்கலாம். விடுப்பு எடுத்துத் தனிப்பட்ட முறையில் போனால் வழக்கமான நீல பாஸ்போர்ட் போதும். எது என்பதை அரசாணையின் சொற்களே முடிவு செய்யும். ஆகவே ஆணையின் நகலைக் காட்டிக் கேட்காமல் விசாவுக்கு எந்தப் பாஸ்போர்ட்டையும் கொடுத்துவிடாதீர்கள்.

புதிதாக நீல பாஸ்போர்ட் எடுப்போருக்கு 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய். தட்கால் என்றால் மேலும் 2,000. அரசு ஊழியர் துறையின் தடையில்லாச் சான்றையோ, துறைக்கு முன்கூட்டியே தெரிவித்த கடிதத்தின் நகலையோ கொடுக்கலாம். இரண்டாவது வழி பலருக்குத் தெரியாததால் சான்றுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். 2018 ஜூன் முதல் நாட்டின் எந்தப் பாஸ்போர்ட் அலுவலகத்திலும் விண்ணப்பிக்க முடியும். வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கம் இருப்பவர் கோயம்புத்தூரில் கொடுத்தாலும் தவறில்லை. போலீஸ் விசாரணை மட்டும் முகவரியுள்ள நிலையத்தில் நடக்கும்.

விசாவில் நாட்டுக்கு நாடு மாறுபாடு உண்டு. ஜெனீவாவுக்கோ ஜெர்மனிக்கோ என்றால் ஷெங்கன் விசா. கட்டணம் 90 யூரோ, 2024 ஜூன் முதல். குறைந்தது 30,000 யூரோவுக்கான பயணக் காப்பீடு கட்டாயம். புறப்படுமுன் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கும்போது புறப்பட 15 நாளாவது மிச்சம் இருக்க வேண்டும். அமெரிக்காவுக்கு என்றால் டி.எஸ்.-160 படிவத்தை நிரப்பி, கைரேகைக்கு ஒரு நாளும் நேர்காணலுக்கு ஒரு நாளுமாகச் சென்னைக்குப் போக வேண்டும். எந்த வகை விசா என்பதை அழைப்பாளரே எழுத்தில் சொல்வார். சுற்றுலா விசா சுலபம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அமெரிக்க அரசே செலவு ஏற்கும் பரிமாற்றத் திட்டங்கள் சிலவற்றுக்கு விசாக் கட்டணம் கிடையாது. கட்டுமுன் விசாரியுங்கள், கட்டிய பணம் திரும்பாது.

ஒளிப்படத்தில் ஒரு சிறு வேடிக்கை. அமெரிக்காவுக்கு 51 மில்லிமீட்டர் சதுரம், ஷெங்கனுக்கு 35க்கு 45. எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரர் திருநீற்றைக் கணினியில் அழித்துக் கொடுத்தார், கேட்காமலேயே. திருத்திய படத்தை ஏற்கமாட்டார்கள். திரும்பவும் போய் எடுத்தேன், இந்தமுறை திருநீற்றோடு, அது ஏற்கப்பட்டது.

7. நாட்களைப் பின்னோக்கி எண்ணுதல்

வகுப்பு தொடங்கும் திங்கட்கிழமையை ஒரு நாட்காட்டியில் வட்டமிட்டு, அங்கிருந்து பின்னால் வாருங்கள். விசா கையில் இருக்க வேண்டியது இரண்டு வாரம் முன். விசாவுக்குக் கொடுக்க வேண்டியது ஆறு வாரம் முன். எஃப்.சி.-2 ஏற்ற வேண்டியது எட்டு வாரம் முன். அரசியல் அனுமதிக்கு அரசு பதிய வேண்டியது பத்து வாரம் முன். துறைக் கோப்பு மாவட்டத்திலிருந்து கிளம்ப வேண்டியது பதினாறு வாரம் முன். பெயர்ச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் அதற்கும் முன்னால். இது விதி அன்று, இரண்டாம் முறை எனக்குப் பலித்த கணக்கு. நடுவில் ஓணமோ தேர்தலோ வந்தால் மேலும் இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அழைப்பே பத்து வாரம் முன்புதான் வந்தது என்றால் என்ன செய்வது? அடுத்த அணிக்கு மாற்றித்தர முடியுமா என்று உடனே எழுதிக் கேளுங்கள். நான் வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டேன். ஆண்டுக்குப் பல அணிகள் நடத்தும் நிறுவனங்களுக்கு இது வழக்கமான வேண்டுகோள்தான் என்று பிறகு தெரிந்தது.

8. கைப்பணம்

அழைப்பாளர் எல்லாம் ஏற்றுக்கொண்டாலும் என் கையிலிருந்து ஏறக்குறைய 48,000 ரூபாய் போயிற்று. திருவனந்தபுரத்துக்கு ஒரு முறையும் சென்னைக்கு ஒரு முறையும் பயணம், மொழிபெயர்ப்பும் நோட்டரியும், கோயம்புத்தூரில் தைத்த கோட்டு, முதல் வாரச் செலவுக்கு ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றிய தொகை ஆகியவை சேர்ந்தது அது. நாள்படி முதல் நாளே கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். எனக்கு ஆறாம் நாள் கிடைத்தது. சீட்டு எடுப்பவரிடம் புறப்படும் விமான நிலையம் கொச்சியின் நெடும்பாசேரியா கோயம்புத்தூரா என்று தெளிவாகச் சொல்லுங்கள். கேரள முகவரியைப் பார்த்துவிட்டு எனக்குத் திருவனந்தபுரத்திலிருந்து எடுத்திருந்தார்கள்.

9. வகுப்பறையில்

பேசுவதைப் பதிவு செய்யக் கூடாது. கேட்டதை வெளியே பயன்படுத்தலாம், யார் சொன்னது என்பதை மட்டும் சொல்லக் கூடாது. சாத்தம் ஹவுஸ் விதி என்று இதைச் சொல்வார்கள். முதல் நாள் மாலையே குழுப்படத்தை முகநூலில் பெயர்களோடு போட்டு ஒருவர் கண்டிக்கப்பட்டதைப் பார்த்தேன். சில நாட்டு அதிகாரிகளுக்கு அது விளையாட்டுக் காரியம் இல்லை.

என் சிறு குழுவில் பன்னிரண்டு பேர்; ஏழு பேர் சீருடைக்காரர்கள். ஒரு கற்பனைத் தீவில் சூறாவளி, அணை உடையும் நிலை, பக்கத்து நாட்டுக் கப்பல் உதவ முன்வருகிறது என்று பயிற்சி கொடுத்தார்கள். படையினர் உடனே வரைபடத்தை விரித்து ஹெலிகாப்டர் எண்ணிக்கையைப் பேசத் தொடங்கினார்கள். முகாமில் இருப்பவர்களின் பெயர்ப்பட்டியலை எந்த அலுவலகம் வைத்திருக்கும் என்று நான் கேட்டேன். மேசையில் சற்று நேரம் பேச்சில்லை. மறுநாள் அந்தக் கேள்விக்காகவே ஒரு மணி நேரம் ஒதுக்கினார்கள். வருவாய்த்துறையில் இருப்பவருக்கு அது அன்றாட வேலை. ஆகவே ராணுவச் சொற்கள் தெரியாதே என்று ஒதுங்கி உட்கார வேண்டாம். பேரிடர் நிவாரணத்தில் வெளிநாட்டு ராணுவ உதவி பற்றிய ஆஸ்லோ வழிகாட்டு நெறிகளை மட்டும் முன்கூட்டியே படித்துவிட்டுப் போங்கள். இலவசமாகக் கிடைக்கிறது. குடிமை வழிகள் எல்லாம் போதாதபோதே ராணுவ வளங்களை நாட வேண்டும் என்ற அதன் அடிப்படையைச் சுற்றித்தான் பாதி விவாதம் நடக்கும்.

ஏதேனும் படம் காட்டிப் பேச வேண்டியிருந்தால், அதைப் புறப்படுமுன் துறையிடம் காட்டி ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். நம் எல்லை வரைபடத்தைக் கண்ட இணையதளத்திலிருந்து எடுக்காமல் இந்திய நில அளவைத் துறை வெளியிட்டதையே பயன்படுத்துங்கள்.

10. திரும்பியபின்

பணியில் சேர்ந்த அன்றே சேர்ந்ததற்கான அறிக்கையைக் கொடுங்கள். போர்டிங் பாஸ்களைத் தூக்கி எறிய வேண்டாம், கணக்குப் பிரிவு கேட்கும். பயிற்சி அறிக்கையை ஆணையில் சொன்ன நாளுக்குள் கொடுக்க வேண்டும். நாள் சொல்லவில்லை என்றால் ஒரு மாதத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது. அலுவல் பாஸ்போர்ட் எடுத்திருந்தால் துறையிடம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். படைப்பிரிவுகளின் நாணயம், கேடயம் என்று சக மாணவர்கள் கொடுத்தவற்றைப் பட்டியலிட்டு அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் சேர்த்துவிட்டேன். எவரும் கேட்கவில்லை, ஆனால் பின்னால் கேட்டால் தேட வேண்டியதில்லை. பயிற்சிச் சான்றிதழின் விவரத்தைப் பணிப்பதிவேட்டில் பதியக் கேட்கும்போது பக்கத்திலேயே நின்று பெயரைப் பாருங்கள். எனக்கு அந்தப் பதிவிலும் 'கந்தஸ்வாமி' என்றே எழுதத் தொடங்கினார்கள்.